இந்தச் சனத்துக்கு இது போதுமுங்க

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவர் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. குடியிருக்கிறவர்களின் கூரையைப் பிரிக்கும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். இதற்கு மேல் நல்லதாக இன்னொன்று கிடைக்குமா என்று ரொம்ப வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

என் பெயர் கைருதீன். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் எங்கள் கடை இருக்கிறது. டைல்ஸ், சானிட்டரி, ஹார்டுவேர்ஸ். நான் சரக்கைக் காட்டுவேன்; என் மனைவி நூர்ஜான் பில் போடுவாள். ரோட்டில் எல்லோருக்கும் நான் பாய். நாச்சிமுத்து அண்ணனுக்கும் பாய்தான். ஆனால் அவர் அழைக்கும்போது மட்டும் அந்தச் சொல்லில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் கையகலம் நிலம் வைத்திருக்கிறவன்கூட லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவான். அக்கம்பக்கத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரே சுவர், ஒற்றை அறை, ஓரத்தில் ஒரு சமையல் மேடை, வரிசைக் கடைசியில் எல்லோருக்குமாகக் கழிப்பறை. உசிலம்பட்டி, சாத்தான்குளம், ராஜபாளையம் என்று தெற்கே இருந்து பனியன் வேலைக்கு வருகிறவர்கள் அதில் குடியிருப்பார்கள். இப்போது ஒடிசா, பீகார் ஆட்களும். நாச்சிமுத்து அண்ணனுக்கு அப்படிப் பத்து வீடுகள் இருந்தன.

அவர் பிறந்தது பொங்கலூர் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம். பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் சேர்ந்தார். அப்போது அவரும் ஒரு லைன் வீட்டில்தான் இருந்தார். சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே இருக்க முடியாமல், ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் படுத்துக் கிடப்பார்களாம். இதை அவரே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு டெய்லர் ஆனார், காண்ட்ராக்ட் எடுத்தார், சொந்தமாகச் சில மெஷின் போட்டுத் தைத்துக் கொடுத்தார். அப்பா போன பிறகு நிலத்தில் பாதியை விற்று இங்கே இடம் வாங்கினார். லைன் வீடு கட்டினார். மெஷின்களை விற்றுவிட்டு, வாடகை வாங்குவதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தார் என்று அவருக்காக யாரும் வாதாட வரக்கூடாது. ஷீட் கூரை எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டார்.

கடைக்கு வந்தால் முன்னால் அடுக்கி வைத்திருக்கிற டைல்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “ஏனுங்க பாய், பொறத்தால என்னமாச்சும் கெடக்குதுங்களா?” என்பார். பின்பக்கம் உடைந்த பெட்டி, நிறம் மாறிய மிச்சம், மூலை போன செகண்ட்ஸ் எல்லாம் கிடக்கும். அதில் குந்தி உட்கார்ந்து பொறுக்குவார். அப்படிப் பொறுக்கியதால் பத்து வீட்டில் எந்த இரண்டு வீட்டின் தரையும் ஒன்றாக இருக்காது. ஒரே அறையில் மரக்கலர், சந்தனக்கலர், குளியலறைக்கான மீன் படம் போட்டது என்று மூன்று வகை ஒட்டியிருந்தார். ஒரு வீட்டின் சமையல் மேடை, மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் பெயர்ப்பலகைக் கிரானைட். எழுத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பதித்திருந்தார். சிலிண்டர் மாற்றக் குனிகிறவர்கள் அந்தக் கம்பெனி பெயரைத் தலைகீழாகப் படிக்கலாம்.

“அண்ணா, இது தண்ணி பட்டா வழுக்குமுங்களே. குளிக்கிற எடத்துக்கு ஆகாது” என்று ஒருதரம் சொன்னேன்.

“இந்தச் சனத்துக்கு இது போதுமுங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

அதுதான் அவருடைய வாய்ப்பாடு. குழாய்க்கும் அதுதான், கதவுக்கும் அதுதான், சுவிட்சுக்கும் அதுதான். அவர் சொந்த வீட்டு வாசலுக்குக் கருப்புக் கிரானைட்டும், கதவுக்குத் தேக்கும் வாங்கியபோது மட்டும் அந்தப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பலகையாக வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த லைனில் நான்காவது வீட்டில் முத்துப்பேச்சி இருந்தாள். உசிலம்பட்டிக்காரி. கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியில் ஓட்டை, அழுக்கு, தையல் பிசகு பார்த்து ஒதுக்குவது. புருஷன் காசிமாயன் நிட்டிங் மெஷினில் இரண்டு ஷிஃப்ட். ஒரே மகள் அபிராமி. அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி கேட்கும்போதெல்லாம் “செஞ்சு போடலாமுங்க கண்ணு” என்பார் அண்ணன். போடவேயில்லை. கடைசியில் ஒரு தீபாவளி போனஸில் அவர்களே என் கடைக்கு வந்து, வழுக்காத நல்ல டைல்ஸ், குழாய், சிமெண்ட் எல்லாம் வாங்கி, ஆள் வைத்துச் செய்துகொண்டார்கள். நாச்சிமுத்து அண்ணன் வந்து பார்த்தார். குனிந்து தடவிப் பார்த்து, நல்லாயிருக்குது என்று பாராட்டினார். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு மட்டும் வாடகையை ஏற்றினார்.

“ஊடு இப்ப டைல்ஸ் ஊடாயிருச்சுங்களே” என்றாராம்.

முத்துப்பேச்சி கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. “நான் வாங்கிப் போட்ட டைல்ஸுக்கு நானே வாடகை கட்டுறேன் பாய். இப்படி ஒரு மூளை எங்க ஊர்ல எவனுக்கும் இல்ல” என்றாள்.

போன வருஷம் மார்கழியில் நாச்சிமுத்து அண்ணன் முகமெல்லாம் வெளிச்சமாகக் கடைக்கு வந்தார். ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பெண் தொழிலாளர்கள் தங்க ஹாஸ்டல் வேண்டுமாம். அந்தக் கம்பெனி மேனேஜர் ஜெயபாண்டி லைன் வீட்டை வந்து பார்த்திருக்கிறார். மொத்தமாக லீசுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரே செக், ஒரே கையெழுத்து. பத்து வீட்டுக்காரர்களிடம் பத்துப் புகார் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தொந்தரவுதான்: அவர்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பி, பெண்கள் தங்குகிற இடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாராம். காற்று, வெளிச்சம், கழிப்பறை, நெருப்புப் பிடித்தால் வெளியேற வழி, இதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

“அப்ப இருக்கறவங்க?” என்றேன்.

“சொல்லிப்போட்டா போயிக்குவாங்க பாய்.”

ஒன்பது வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். முத்துப்பேச்சி மட்டும் அவகாசம் கேட்டாள். அபிராமி பிளஸ் டூ. பரீட்சை முடிகிற வரைக்கும் இருந்துகொள்கிறோம் என்றாள்.

“தாராளமா இருங்க கண்ணு. நம்ம புள்ள படிக்கிறது நமக்குப் பெருமைதானுங்க” என்றார் அண்ணன்.

மறு வாரம், முத்துப்பேச்சியும் காசிமாயனும் வேலைக்குப் போன பிறகு, நான்கு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கூரை ரிப்பேராம். நான்காவது வீட்டின் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். அரையாண்டு லீவு விட்டிருந்ததால் அபிராமி உள்ளேதான் படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரத்தில் அடுத்த தெருவில் சிமெண்ட் இறக்கிவிட்டு அந்த வழியாக வந்தேன். நாச்சிமுத்து அண்ணன் வாசலில் நின்று, கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

“பாத்துங்க கண்ணு, ஒட்டடை விழுகுது. சித்தெ தள்ளி உக்காந்து படிங்க.”

அவளும் தள்ளி உட்கார்ந்தாள். மேலே வெறும் வானம். புத்தகத்தில் விழுந்த தூசியைப் புறங்கையால் தட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். நான் போய், “வா கண்ணு, கடையில நூர்ஜானம்மா இருக்காங்க, அங்க உக்காந்து படி” என்றேன். “அம்மா வரட்டும் பாய்” என்றாள். அண்ணன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். “ரெண்டு நாள் வேலைதானுங்க பாய். அக்கட்டால எங்காச்சும் இருந்துக்கலாமுங்க.”

முத்துப்பேச்சி வந்து பார்த்தாள். சண்டை போடுவாள் என்று தெருவே காத்திருந்தது. அவள் போடவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஒரு குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி போன மறுநாள், கழற்றிய அதே ஷீட்டுகள் அதே கூரையில் ஏறின. ரிப்பேர் என்று ஒன்றுமே நடக்கவில்லை.

அவர்களுக்கு வீடு கொடுத்தது பெரியாத்தாள் என்ற அம்மாள். மூன்று தெரு தள்ளி அவருக்கு ஆறு வீடுகள். அந்த அம்மாள் வாய் பொல்லாதது. வாடகை ஒரு நாள் தள்ளினால் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். ஆனால் என் கடையில் நல்ல குழாயைத்தான் கேட்பார். “மட்டமான கொழாயைப் போட்டு, அது ஒழுகுனா ராத்திரியும் பகலும் என்ற ஊட்டுக் கதவைத்தான தட்டுவாங்க? எனக்கு அந்த ரோதனை ஆகாது” என்பார். தர்மம் ஒன்றும் இல்லை, தன் தூக்கம் கெடக்கூடாது. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. அந்த வீடுகளில் குடியிருக்கிறவர்கள் காலி செய்வதே அபூர்வம்.

நாச்சிமுத்து அண்ணன் வேலையை ஆரம்பித்தார். இரண்டு இரண்டு வீடாகச் சேர்த்து, நடுச்சுவரை இடித்து ஐந்து கூடம் ஆக்கினார். பின்சுவர் முழுக்க ஓதம். தொட்டால் கை நனையும். அதற்கு மரம் மாதிரி கோடு போட்ட பிவிசி பேனல் கேட்டார்.

“அண்ணா, ஈரத்தை நிறுத்தாம பேனல் அடிச்சா உள்ளுக்குள்ளேயே ஊறிக் கறுப்பாயிருமுங்க” என்றேன்.

“உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டுமுங்க பாய். வர்றவங்க என்ன கழட்டியா பாக்கப் போறாங்க?”

ஷீட் கூரைக்குக் கீழே வெள்ளை சீலிங். உடைந்த தரையைச் சமன் செய்யாமல் அதன்மேலேயே வினைல் விரிப்பு. நடந்தால் காலடியில் பள்ளம் மேடு எல்லாம் தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினார். அதை வெளிச்சுவரில் துளைத்து வைக்காமல் சீலிங்கில் பொருத்தினார். அறைச் சூட்டை எடுத்துக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சேர்த்து வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

பிறகு ஜன்னல் கேட்டார். பின்சுவரை ஒட்டி இன்னொரு கம்பெனியின் கோடவுன் சுவர் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாது. அங்கே எப்படி ஜன்னல் வைப்பது? அவர் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். யாரோ ஆர்டர் கொடுத்து எடுக்காமல் விட்ட வெள்ளைச் சட்டம் போட்ட தள்ளு ஜன்னல்கள் என் கடையில் கிடந்தன, மங்கலான கண்ணாடி. அவற்றை வாங்கி, சுவரில் கொஞ்சம் குடைந்து பதித்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எல்இடி டியூபை வைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டால் வெளியே பகல் வெளிச்சம் அடிக்கிற மாதிரி இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் நூர்ஜான் பில் புக்கிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ஜன்னல் வாங்குறீங்க. காத்து எங்க வாங்கப் போறீங்க?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிக்கவே மாட்டார். “ஃபேன் இருக்குதுங்களே அம்மணி” என்றார்.

ஆள் வந்து பார்க்கிற அன்று காலையில் எனக்குப் போன் செய்தார். ஒரு ஜன்னலின் பூட்டு உடைந்துவிட்டது, புதிதாக ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியவனைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“பாய், நீங்க சித்தெ நில்லுங்க. இந்தப் பேனல் நெருப்புப் பிடிக்குமான்னு கேட்டா, பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

“பிடிக்குமேண்ணா.”

“கேட்டாத்தானுங்க பாய்.”

பளபளக்கும் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, ஒரு குலை இளநீர். ஜெயபாண்டியின் காரில் வந்து இறங்கியது ஒரு சின்ன வயசுப் பெண். பெயர் நித்யஸ்ரீ. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். பார்த்தால் கல்லூரியில் படிக்கிற பெண் மாதிரி இருந்தாள். நாச்சிமுத்து அண்ணனின் தோள்கள் அப்போதே தளர்ந்து இறங்கின. இவ்வளவுதானா என்று நினைத்திருப்பார்.

அவள் இளநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் கூடத்துக்குள் போனாள். நாங்களும் போனோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பேனல் மின்னியது, சீலிங் வெள்ளையாக இருந்தது, ஜன்னல்களில் பகல் ஒளிர்ந்தது. ஆனால் கதவு வழியாக நான்கு பேர் உள்ளே வந்ததும், மாசி மாதத்திலேயே எங்களுக்குக் கழுத்து வியர்த்தது. அவள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள்.

“அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா சார்?”

“வேண்டாமுங்க அம்மணி, கொசு வருமுங்க” என்றார் அண்ணன்.

“பரவாயில்லை” என்று சொல்லி, அவளே போய்ப் பூட்டை விடுவித்துக் கண்ணாடியைத் தள்ளினாள். ஜன்னல் சுகமாக நகர்ந்தது.

உள்ளே பூசாத ஹாலோ பிளாக் சுவர். நடுவில் எரிகிற டியூப். வெளிச்சத்துக்கு வந்த பூச்சியைப் பிடிக்கக் காத்திருந்த ஒரு பல்லி, எங்களைப் பார்த்துவிட்டு ஒயருக்குப் பின்னால் ஓடியது.

ஜெயபாண்டி தன் ஷூவைப் பார்த்தார். நித்யஸ்ரீ கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இது எதுக்கு சார்?”

“வெளிச்சத்துக்குங்க” என்றார் நாச்சிமுத்து அண்ணன், கொஞ்சமும் தயங்காமல்.

அவள் ஜன்னலைத் திரும்ப மூடினாள். மற்ற நான்கு கூடங்களையும் பார்த்தாள். எல்லா ஜன்னலையும் திறந்தாள். பேனலைப் பற்றி என்னிடம் கேட்டாள். நெருப்புப் பிடிக்கும் என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில்கூட மரியாதை இருந்தது. கார் கிளம்புவதற்கு முன்னால் ஜெயபாண்டி அவரைத் தனியாக அழைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “ஜன்னல் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருந்தா, வேற எதாவது பண்ணிருப்போம்ல? எங்க கம்பெனி பேரையே நாற அடிச்சுட்டீங்களே!” என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

லீசு போய்விட்டது. அதில் அவருக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மறுநாள் கடைக்கு வந்து, பெரிய அநியாயம் நடந்துவிட்டது போல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு ஊட்டுக்குப் போனா ஜன்னலைத் தொறக்கறதா மரியாதைங்க? அந்தப் புள்ளைக்கு வளர்ப்புச் சரியில்லீங்க பாய்.”

நூர்ஜான் எழுந்து உள்ளே போய்விட்டாள். சிரிப்பதற்கா, தலையில் அடித்துக்கொள்வதற்கா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு லேபர் காண்ட்ராக்டர் மூலம் வடக்கத்திப் பையன்களை ஏற்றினார். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. கூடத்தில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதற்கில்லை. படுத்தால் ஒருவன் கால் இன்னொருவன் தலையில் இடித்தது. ஜன்னல் டியூப்களையும் கழற்றிவிட்டார், கரண்ட் வீணாகிறதாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசி, ஊரே சில்லென்றிருந்த ஆனியில்கூட அந்தக் கூடங்களுக்குள் காற்று நுழையவில்லை. மழை பிடித்ததும் பேனலுக்குப் பின்னால் ஊறியது. முதலில் நாற்றம் வந்தது. பிறகு பேனல் இணைப்புகளில் கறுப்பாகப் பூத்துக் கீழ்நோக்கி இறங்கியது. பையன்களுக்கு இருமல், உடம்பெல்லாம் அரிப்பு. அவர்களில் கொஞ்சம் தமிழ் பேசுகிற ஒருவன் பாச்சை மருந்து வாங்க என் கடைக்கு வந்தான். “பாய், கமரா பீமார்” என்றான். அறைக்கு உடம்பு சரியில்லையாம். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நாள் அவர்கள் இரண்டு பேனலைப் பிய்த்துப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த அதே வாரம் காண்ட்ராக்டர் எல்லோரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டான். ஐந்து கூடமும் காலி. வாடகைக்கு என்று அட்டை தொங்கவிட்டும் எவனும் வரவில்லை. ஜன்னல் கதை அதற்குள் தொழிற்பேட்டை முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில், டியூப் லைட் போட்டால், “யாருப்பா அது, நாச்சிமுத்து ஊட்டு ஜன்னலைத் தொறந்தது?” என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அப்போதுதான் அவர் முத்துப்பேச்சியைத் தேடிப் போனார். பெரியாத்தாள் வீட்டுக்கு ஒரு சிங்க் கொடுக்க அன்று நானும் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பேச்சி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூட ஓரமாகக் கழற்றிவிட்டு வந்தார்.

“நல்லாயிருக்கீங்களா கண்ணு? புள்ள என்ன பண்ணுதுங்க?”

“காலேஜ் போறா. உக்காருங்கண்ணே” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தான் வந்த விஷயத்தைச் சொன்னார். ஊடு இப்போது புது ஊடு மாதிரி. பேனல், சீலிங், எல்லாம் போட்டாயிற்று. முன்னால் ஒரு வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு வீட்டு இடம். பழகின ஆட்கள் என்பதால் வாடகையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். அவள் ஊர்க்காரர்களில் நாலு குடும்பத்தையும் கூட்டி வந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

முத்துப்பேச்சி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். “ஜன்னலைத் தொறந்தா என்னண்ணே தெரியும்?”

“கொசுவலை அடிச்சுத் தாரனுங்க கண்ணு.”

எனக்கு வாய்க்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பிழிந்த துணியை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்களுக்குக் கோவமே வராதாண்ணே? நான் இம்புட்டுக் கேக்குறேன். ஜன்னலத் தொறந்த அந்தப் பிள்ள உங்கள அத்தன பேரு முன்னாடி அசிங்கப்படுத்துச்சு. அப்பவும் உங்களுக்குக் கோவம் வரலையாமே.”

“கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது?”

“அதில்லண்ணே. சமமா இருக்குற ஆளுகிட்டத்தான் கோவம் வரும். எங்கள நீங்க ஒரு ஆளாவே நெனச்சதில்ல. அதான் எம்மக தலைக்கு மேல கூரையப் பிரிச்சுக்கிட்டே உங்களால ‘படிங்க கண்ணு’ன்னு சொல்ல முடிஞ்சது. எங்க அய்யா என்னய நாயேன்னு பேயேன்னுதான் வைவாரு. அந்த வசவுல இருந்த மருவாதகூட உங்க ‘ங்க’வுல இல்ல. போயிட்டு வாங்க.”

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. பெரியாத்தாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு நரம்பாவது இழுக்கும் என்று நினைத்தேன்.

“அப்பிடிச் சொல்லாதீங்க கண்ணு” என்றார். எழுந்தார். செருப்பை மாட்டும்போது என் கையிலிருந்த சிங்க்கைப் பார்த்து நின்றார். “ஏனுங்க பாய், வாடகை ஊட்டுக்கா இந்த சிங்க்கு? செகண்ட்ஸ் இல்லீங்களா?”

கடைசியில் அவருக்கு ஏற்ற குடித்தனம் கிடைத்துவிட்டது. அஹ்ஸன் என்று எங்கள் ஆள் ஒருவர், கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் துணி வாங்கி விற்கிறவர், அந்த ஐந்து கூடத்தையும் கோடவுனாக எடுத்துக்கொண்டார். கதவிலிருந்து சீலிங் வரைக்கும் மூட்டை மூட்டையாகப் பனியன் கழிவு. நாச்சிமுத்து அண்ணன் அன்றைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் நான் பார்க்காத ஒரு நிம்மதியோடு பேசினார்.

“தண்ணி கேக்காதுங்க பாய். கக்கூஸ் அடைச்சுக்கிச்சுன்னு வந்து நிக்காதுங்க. பரிச்சைன்னு சொல்லாது. மூட்டைக்கு என்னத்துக்குங்க ஜன்னல்?”

நான் எழுந்து போய் உள்ளே சரக்கை எண்ண ஆரம்பித்தேன்.

போன மாதம் ஒரு வண்டியில் கழிப்பறைக் கோப்பைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஹாஸ்டலுக்கென்று என்னிடம் வாங்கிப் போட்டவை. மூட்டைகளுக்கு வேண்டியதில்லை என்று பெயர்த்துவிட்டாராம். திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தனை பையன்கள் உபயோகித்த கோப்பைகள், ஓரமெல்லாம் சிமெண்ட் ஒட்டிக்கொண்டு, சரியாகக் கழுவக்கூட இல்லை.

“புதுசாட்டத்தானுங்க இருக்குது பாய். தொடைச்சு வெச்சா யாருக்குங்க தெரியப் போகுது?”

நூர்ஜான் கல்லாவிலிருந்து எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கடை வாசல்ல நிறுத்தாதீங்க. ஆளுங்க வந்து போற எடம்.”

“சரிங்க அம்மணி. அப்ப வாரனுங்க” என்றார். பொங்கலூரில் மிச்சமிருக்கிற நிலத்தில் புதிதாக ஒரு லைன் போடப்போகிறாராம், அங்கே போட்டுக்கொள்வாராம். டிரைவரிடம் பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி திரும்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. உள்ளே ஒருவர் பூட்டு கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுக்கப் போனேன். நூர்ஜான் ஒரு வாளி தண்ணீரில் பினாயிலைக் கலக்கிக் கொண்டுவந்து, வண்டி நின்ற இடத்தில் ஊற்றினாள்.